நியெப்ஸின் சன்னல் காட்சி: தொலைந்த தகடு மீட்கப்பட்ட நிகழ்வு

பழைய கேமராக்களையும் தொடக்ககால ஒளிப்படங்களையும் சேகரிப்போர் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் முதலில் படத்தைத்தான் பார்க்கிறார்கள். திருப்பிப் பின்புறத்தைப் பார்க்கும் பழக்கம் அனுபவத்தில்தான் வருகிறது. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளோ பின்புறத்தில் இருந்த சில வரிக் கையெழுத்தால் மட்டுமே தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது.

கேமராவால் இயற்கைக் காட்சியைப் பிடித்து நிலைக்கச் செய்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது எனப் பொதுவாக ஏற்கப்படுவது, பிரான்சின் சலோன்-சுர்-சோன் நகரைச் சேர்ந்த ஜோசஃப் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் தம் லெ கிரா பண்ணை வீட்டின் மேல்மாடிச் சன்னலிலிருந்து எடுத்த காட்சி. அது 1898இல் லண்டனில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 1952இல் சேகரிப்பாளரும் ஒளிப்பட வரலாற்றாசிரியருமான ஹெல்முட் கெர்ன்ஷைம் அதைக் கண்டெடுத்தார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேடியதில் அவர் காட்டிய பொறுமைக்கும் முறைமைக்கும் ஈடான எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது, கண்டெடுத்ததை உலகுக்குக் காட்டிய விதத்தில் அவர் செய்தது பெரும் பிழை.

தகடு

16.2 சென்டிமீட்டர் உயரமும் 20.2 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பியூட்டர் தகடு அது. பியூட்டர் என்பது வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட கலவை உலோகம். அக்காலத்தில் தட்டுகளும் குவளைகளும் செய்யப் பயன்பட்டது. யூதேயா நிலக்கீல் எனப்படும் ஒருவகை இயற்கைத் தாரை லாவெண்டர் எண்ணெயில் கரைத்து, அந்தக் கரைசலைத் தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் பூசி, உலர்ந்த பின் கேமராவுக்குள் வைத்து, சன்னலை நோக்கி நிறுத்தினார் நியெப்ஸ். வெளிச்சம் பட்ட இடங்களில் நிலக்கீல் இறுகிக் கரையாத் தன்மை பெறுகிறது. படாத இடங்களில் இளகியபடியே இருக்கிறது. பிறகு லாவெண்டர் எண்ணெயும் பெட்ரோலிய எண்ணெயும் கலந்து கழுவினால் இளகிய பகுதி கரைந்து உலோகம் வெளிப்படும், இறுகிய பகுதி தங்கிவிடும். இவ்வாறு, காட்சியில் வெளிச்சமாக இருந்த இடங்கள் மங்கிய வெளிர் படலமாகவும், நிழலாக இருந்த இடங்கள் பளபளக்கும் வெற்று உலோகமாகவும் பதிந்தன.

இதன் விளைவு சேகரிப்பாளர்கள் நன்கு கவனிக்க வேண்டியது. நேராக முன்னால் பிடித்தால் தகடு வெறும் கண்ணாடிபோலத் தோன்றும்; அறையும் பார்ப்பவர் முகமும்தான் தெரியும். தகட்டைச் சற்றுச் சாய்த்து, அதில் இருண்ட பகுதியொன்று பிரதிபலிக்குமாறு பிடிக்கும்போது, வெற்று உலோகம் கறுத்து, நிலக்கீல் படலம் வெளுத்து, காட்சி எழுந்து வருகிறது: இடப்புறம் வீட்டின் மாடப்பகுதி, அதையடுத்து ஒரு பேரிமரம், அதன் கிளைகளுக்கிடையே சிறு துண்டாக வானம், நடுவில் களஞ்சியத்தின் சாய்ந்த கூரை, வலப்புறம் வீட்டின் மற்றொரு பகுதி. வெள்ளி பூசிய தகட்டில் பதியும் தொடக்ககால ஒளிப்படங்களான டாகுரோடைப் படங்களைக் கையாண்டவர்களுக்கு இந்தச் சாய்த்துப் பிடிக்கும் வித்தை பழக்கமானதுதான். ஆனால் டாகுரோடைப் படம் சரியான கோணம் கிடைத்ததும் வியப்பூட்டும் தெளிவோடு வெளிப்படும். இதுவோ சரியான கோணத்திலும் மங்கலாகவே இருக்கும். படம் இருக்கிறது என்று தெரியாதவர் கையில் கிடைத்தால், பழைய சட்டத்தில் மாட்டிய வேலைக்காகாத உலோகத் தகடு என்று ஒதுக்கிவிடுவார். இந்த நிகழ்வின் மற்ற எல்லாத் திருப்பங்களும் இந்த ஓர் இயல்பிலிருந்து கிளைத்தவையே.

கியூவில் விட்டுச்சென்ற பொருள்கள்

பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வீட்டில் எடுக்கப்பட்ட படம் இங்கிலாந்தில் எப்படி நின்றுபோயிற்று என்பதற்கு நியெப்ஸின் அண்ணன் குளோத் காரணம். உடன்பிறந்தோர் இருவரும் சேர்ந்து 1807இல் பைரியோலோஃபோர் என்ற உள்ளெரி எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவர்கள். அதற்கு ஆதரவு தேடி இங்கிலாந்து சென்ற குளோத், லண்டனை அடுத்த கியூவில் தங்கி, உடலும் மனமும் நலிந்து கிடந்தார். அவரைப் பார்க்க 1827இல் சென்ற நியெப்ஸ், தம் முயற்சியின் மாதிரிகள் சிலவற்றையும் உடன் கொண்டுசென்றார். கியூவில் தாவர ஓவியராகப் பணியாற்றிய ஃபிரான்சிஸ் பாவரின் அறிமுகம் அங்குக் கிடைத்தது. பாவரின் ஊக்கத்தால், ஹீலியோகிராஃபி என்று தாம் பெயரிட்ட செய்முறையைப் பற்றி நியெப்ஸ் 1827 டிசம்பர் 8ஆம் நாளிட்ட குறிப்பொன்றை எழுதி, லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு முன்வைக்க முயன்றார். செய்முறையின் முழு விவரத்தையும் வெளியிட அவர் உடன்படாததால் சொசைட்டி அதை ஏற்கவில்லை. ஊர் திரும்பும்போது, குறிப்பையும் மாதிரித் தகடுகளையும் பாவரிடமே விட்டுச்சென்றார்.

பாவர் செய்த சிறு காரியம்தான் பின்னாளில் எல்லாவற்றையும் தீர்மானித்தது. தகட்டின் சட்டத்துக்குப் பின்னால், இது சலோனைச் சேர்ந்த நியெப்ஸ் செய்தது என்றும், ஒளியின் செயலால் தானாகக் கிடைத்த முதல் விளைவு என்றும் பிரெஞ்சில் எழுதி 1827 என்று ஆண்டிட்டார். இயற்கையின் உருவத்தை நிலையாகப் பதிக்கும் முயற்சியில் நியெப்ஸ் பெற்ற முதல் வெற்றி இது என்ற பொருளில் ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்த்தார். தாவர ஓவியர் எழுதும் மாதிரிச் சீட்டுகளில் பெயர், இடம், ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும் என்பது தொழில்முறை. அந்தப் பழக்கமே இங்கும் கைகொடுத்தது என்பது என் ஊகம்.

நியெப்ஸ் 1829இல், பின்னாளில் டாகுரோடைப் முறையை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் லூயி டாகுருடன் கூட்டுச் சேர்ந்து, 1833இல் காலமானார். 1839இல் டாகுரோடைப் அறிவிக்கப்பட்டு உலகெங்கும் டாகுரின் பெயர் பரவியபோது, நியெப்ஸுக்கு உரிய முதன்மையைச் சுட்டிக்காட்டி இங்கிலாந்து இதழொன்றில் எழுதியவர் பாவர். அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார். அவரிடமிருந்த பொருள்கள் சில கைகள் மாறின. அவற்றுள் சன்னல் காட்சி, ஒளிப்பட இதழாசிரியராயிருந்த ஹென்றி பேடன் பிரிட்சர்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1898இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த ஒளிப்படக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டதுதான் அச்சில் எஞ்சிய கடைசித் தடயம்.

தேடல்

கெர்ன்ஷைம் 1913இல் மியூனிக்கில் பிறந்து, 1937இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். அமெரிக்க ஒளிப்பட வரலாற்றாசிரியர் போமன்ட் நியூஹாலின் தூண்டுதலால் 1945 முதல் மனைவி அலிசனுடன் சேர்ந்து பழைய ஒளிப்படங்களைச் சேகரிக்கத் தொடங்கினார். விக்டோரியா காலத்துப் படங்களை யாரும் பெரிதாக மதிக்காத காலம் அது. இன்றைய ஏல விலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த நாட்களை எண்ணிப் பார்ப்பது கடினம்.

அவருடைய தேடல் முறையில் மர்மம் எதுவுமில்லை. பொருளைத் தேடி அலைவதை விட்டு, அதன் கடைசி உடைமையாளர் யார் என்பதை அச்சில் வந்த குறிப்புகளிலிருந்து உறுதிப்படுத்திக்கொண்டு, அந்தக் குடும்பத்தின் வாரிசுகளைத் தேடினார். கடிதங்கள் எழுதினார், செய்தித்தாள் வழியாகவும் கேட்டார். பிரிட்சர்டின் மகனிடமிருந்து வந்த பதில் ஏமாற்றமே தந்தது: படம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. பல சேகரிப்பாளர்கள் இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் கேட்டுவைத்த கேள்வி அந்தக் குடும்பத்தில் தங்கிவிட்டது. மகன் இறந்த பின், 1917 முதல் கிடங்கில் கிடந்த பெரிய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அந்தப் பொருள் அகப்பட்டது என்று அவர் மனைவி கெர்ன்ஷைமுக்கு எழுதினார். படம் முற்றிலும் மங்கி அழிந்துவிட்டது என்றே அவர் எண்ணியிருந்தார். 1952 பிப்ரவரியில் கெர்ன்ஷைம் அதை நேரில் பார்த்தார். வெளிறிய காகிதப் படம் ஒன்றை எதிர்பார்த்துச் சென்றவர் கையில் சட்டமிட்ட கண்ணாடி போன்ற ஒரு பொருள் கனத்தது. திருப்பிப் பார்த்தார்; பாவரின் கையெழுத்து இருந்தது. பிறகு சன்னலருகே கொண்டுசென்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க, கூரைகள் தெரிந்தன.

இந்த வரிசைமுறையை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்புறத்தில் பாவர் எழுதிய சீட்டு முதலில் அடையாளம் தந்தது. அந்த அடையாளம் இருந்ததால்தான் படம் தெரியும்வரை தகட்டைச் சாய்த்துக்கொண்டே இருக்க ஒருவருக்கு மனம் வந்தது. சட்டத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பின்னட்டையைக் கழற்றி எறியும் பழக்கம் இன்றும் உண்டு. நியெப்ஸின் தகட்டுக்கு யாரேனும் அந்த உதவியைச் செய்திருந்தால், டிரங்குப் பெட்டி காலியான நாளிலேயே அது ஈயப் பாத்திரங்களோடு போயிருக்கும்.

நகலும் தூரிகையும்

கண்டெடுத்ததை வெளியிட ஒரு நகல் தேவைப்பட்டது. ஒவ்வொரு கோணத்திலும் வேறுவேறாகத் தெரியும் பளபளப்பான தகட்டைப் படமெடுப்பது எளிதான வேலை இல்லை. இங்கிலாந்தின் ஹாரோவிலிருந்த கோடாக் ஆய்வுக்கூடம் அதை ஏற்று, பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சி ஒரு நகலை உருவாக்கியது. அந்த நகலில் காட்சியோடு தகட்டின் மேடுபள்ளங்களும் புள்ளிகளும் சேர்ந்து பதிந்திருந்தன. கெர்ன்ஷைமுக்கு அது பிடிக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு நாள் உட்கார்ந்து, நீர்வண்ணத்தால் நகலின் பல பகுதிகளை அவரே டச்சப் செய்தார். அதன் பின், 1970களின் பிற்பகுதி வரை, இந்தத் திருத்திய நகலை மட்டுமே அச்சிட அனுமதித்தார்.

பாடநூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் உலகின் முதல் ஒளிப்படம் என்ற தலைப்பின்கீழ் தலைமுறை தலைமுறையாக அச்சானது இதுதான்: புள்ளிப்புள்ளியாகக் கறுப்பு வெள்ளையில், கூர்மையான கூரை விளிம்புகளோடு ஓவியம்போல் தோன்றும் அந்த உருவம். அதில் எது 1820களின் சூரியன் வரைந்தது, எது 1952இன் தூரிகை வரைந்தது என்பதைப் பார்ப்பவர் பிரித்தறிய வழியில்லை. அவருக்குச் சார்பாகச் சொல்ல ஒன்று உண்டு: திருத்தாத நகலை அச்சிட்டிருந்தால், அக்காலத்துச் செய்தித்தாள் அச்சில் அது வெறும் அழுக்குத் திட்டாகவே தெரிந்திருக்கும், அப்படியொன்றை முதல் ஒளிப்படம் என்று மக்களை நம்பவைப்பது கடினம். இந்த நியாயம் முதல் ஓராண்டுக்குப் பொருந்தலாம். கால் நூற்றாண்டுக்கு மேல் திருத்திய நகலை மட்டும் நடமாடவிட்டதற்கு அது பொருந்தாது. இரண்டு நகல்களையும் அருகருகே அச்சிட்டு, எது எது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பாவர் தகட்டின் பின்னால் செய்ததை, அதே தகட்டின் நகலுக்குக் கெர்ன்ஷைம் செய்யத் தவறினார் என்பதே என் குறை.

ஆண்டும் ஒளிபடு நேரமும்

சீட்டில் உள்ள 1827 எதைக் குறிக்கிறது? படம் எடுத்த ஆண்டையும் குறிக்கலாம். தகடு பாவரின் கைக்கு வந்த ஆண்டையும் குறிக்கலாம். தகடு அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. கெர்ன்ஷைம் முதலில் 1826 என்று கணித்ததும், பின்னாளில் 1827 பக்கம் கணிப்புகள் நகர்ந்ததும் இந்த இடைவெளியில்தான். பழைய படங்களின் பின்னுள்ள ஆண்டுகளைப் படிப்போர் இதே எச்சரிக்கையைக் கடைப்பிடிப்பது நல்லது. கையால் எழுதிய ஆண்டு பெரும்பாலும் ஒரு மேல்வரம்பு; படம் பிறந்த நாளும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஒளிபடு நேரம் குறித்த செய்தி இதைவிடச் சுவையானது. தகட்டில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருப்பதால், சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே நகரும்வரை கேமரா திறந்திருந்தது என்று கருதி, எட்டு மணி நேரம் என்ற கணக்கு பரவிற்று. பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-லூயி மரின்யே நியெப்ஸின் செய்முறையை அதே பொருள்களைக் கொண்டு மீண்டும் செய்துபார்த்தபோது, பல நாள்கள் தேவைப்பட்டிருக்கும் என்று தெரியவந்தது. பல நாள் வெயிலும் இரு சுவர்களிலும்தான் விழும். ஆகவே தகட்டில் தெரியும் சான்று இரண்டு விடைகளுக்கும் ஒத்துப்போகிறது, செய்முறைச் சோதனையே அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தது. ஆயினும் எட்டு மணி நேரக் கதை இன்னும் ஓயவில்லை.

டெக்சாஸும் ஆய்வகமும்

தம் திரட்டுக்கு இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகம் அமையும் என்று கெர்ன்ஷைம் எதிர்பார்த்தது நடக்கவில்லை. 1963இல் திரட்டை ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் வாங்கியது; நியெப்ஸின் தகட்டை மட்டும் அவர் விலைபேசாமல் கொடையாகக் கொடுத்தார். இன்று அது அங்குள்ள ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கிறது.

2002இல் கலைப்பொருள்களைப் பேணும் ஆய்வில் ஈடுபட்ட அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் தகட்டைச் சட்டத்திலிருந்து எடுத்து முதன்முறையாக விரிவாக ஆராய்ந்தார்கள். துகள் ஒன்றும் சுரண்டி எடுக்காமல், எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையால் உலோகத்தையும் அகச்சிவப்பு நிறமாலை முறையால் படலத்தையும் சோதித்ததில், ஈயம் கலந்த வெள்ளீயம், நிலக்கீல் என்று விடை கிடைத்தது. நியெப்ஸ் 1827இல் எழுதிய குறிப்புடன் இது பொருந்துகிறது. சீட்டு சொன்னதை வேதியியல் வழிமொழிந்தது என்று கொள்ளலாம். உலோகம் காற்றுடன் வினைபுரியாதிருக்க, ஆக்சிஜன் நீக்கி மந்த வாயு நிரப்பிய புதிய பெட்டியும் செய்யப்பட்டது. அப்போது எடுத்த வண்ணப் படமே இன்று அதிகாரபூர்வமான நகல்.

ஒப்பிட இரண்டு பொருள்கள்

அதே 2002இல் பாரிசில் சோத்பிஸ் நடத்திய ஏலத்தில், நியெப்ஸ் 1825இல் செய்த மற்றொரு படைப்பு விலைக்கு வந்தது: குதிரையை நடத்திச்செல்லும் ஒருவரைக் காட்டும் பழைய செதுக்கோவியத்தின் நகல். அது கேமராவால் எடுத்ததன்று. செதுக்கோவியத் தாளை ஒளியுணர் தகட்டின்மேல் பொருத்தி, ஒளிபடச் செய்து, பின் அத்தகட்டிலிருந்து மையால் அச்சிட்டது. பிரான்ஸ் தேசிய நூலகத்துக்காக அது 4,50,000 யூரோவுக்கு வாங்கப்பட்டது. தோற்றத்தில் சாதாரணச் செதுக்கோவிய அச்சிலிருந்து வேறுபாடு காண்பது அரிதான அந்தத் தாளுக்கு அம்மதிப்பைத் தந்தவை, அதைப் பற்றி நியெப்ஸ் எழுதிய கடிதங்கள்.

கேமராக்களின் நிலை சற்று வேறு. பாரிசின் அல்ஃபோன்ஸ் ழிரூ 1839இல் விற்பனைக்குச் செய்த டாகுரோடைப் கேமராக்களின் பக்கவாட்டில், டாகுரின் கையொப்பமும் ழிரூவின் முத்திரையும் இல்லாத கருவிக்கு உத்தரவாதம் இல்லை என்று அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அதாவது, கருவியை யார் செய்தார் என்பதைச் செய்தவரே அறிவித்துவிடுகிறார். அத்தகைய கேமரா ஒன்று 2010இல் வியன்னாவில் 7,32,000 யூரோவுக்கு ஏலம் போனது. பட்டறைச் சீட்டு, வரிசை எண், லென்ஸின் வளையத்தில் பொறித்த பெயர் என்று கேமராக்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வழிகள் பல உண்டு; போலிகள் செய்வோரும் அவற்றையே நகலெடுக்கிறார்கள் என்பது தனிக் கதை. ஒளிப்படங்களுக்கு, குறிப்பாக 1840க்கு முந்தியவற்றுக்கு, அந்த வசதி இல்லை. வைத்திருந்தவர்கள் எழுதிவைத்தால்தான் உண்டு.

கையில் கிடைக்கும் நகலை அடையாளம் காண

லெ கிரா சன்னல் காட்சியின் பழைய அச்சு நகல்களைச் சேகரிப்போரும் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை 1952இன் திருத்திய நகலிலிருந்து பிறந்தவை. கரடுமுரடான புள்ளிகள், அழுத்தமான கறுப்பு, தெளிந்த கூரைக் கோடுகள் ஆகியவை அதன் அடையாளங்கள். திருத்தாத கோடாக் நகலில் தொனி சீராக இருக்காது. தகட்டின் பள்ளங்களும் புள்ளிகளும் காட்சியோடு போட்டியிடும். 2002இன் வண்ணப் படத்தில் தகடு நீலமும் பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். மூலைகளில் நசுங்கல்கள் தெரியும். கட்டடங்களைக் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். நூலொன்றில் முதல் வகை நகல் வந்திருந்து, படக்குறிப்பில் தூரிகைத் திருத்தம் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், அந்த நூலின் மற்றப் படக்குறிப்புகளையும் ஒருமுறை சரிபார்த்த பிறகே மேற்கோள் காட்டுவது என் வழக்கம்.